பல் டாக்டரின் கழித்தல் குறி

"ஒரு டிரம்மைப் பின்பக்கத்துல இருந்து உதைச்சா, முன்பக்கத் தோல் முதல்ல எந்தப் பக்கம் போகும்?"

"யாரு உதைக்கிறா?"

"வாசிக்கிறவன்தான். காலால. நீ தோலைப் பத்தி மட்டும் சொல்லு."

"நம்மளைப் பார்த்து வரும்."

"வருதுல்ல? அப்ப ஸ்பீக்கருக்குள்ள இருக்கிற கூம்பும் முதல்ல நம்மளைப் பார்த்துதானே வரணும்? அது உள்ள இழுத்துக்கிட்டா?"

"அப்புறம் வெளிய வரும்ல?"

"வரும். ஆனா உள்ள போயிட்டு வரும்."

"வந்துருச்சுல்ல, விடுங்களேன்."

இந்தப் பேச்சு நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அது அவளுக்கு ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருப்பதற்குக் காரணம் டிரம்மும் இல்லை, தோலும் இல்லை. அன்று சாயங்காலம் அவள் கணவர் இருந்த அறைக்குள் போனது வேறு விஷயமாக. அவளுடைய அப்பா தன் வீட்டு மாடிப்படியில் விழுந்துவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்திருந்தார். "விழல, உட்கார்ந்தேன்" என்று அப்பா போனைப் பிடுங்கித் திருத்தினார். அம்மா போன பிறகு அவர் தனியாக இருந்தார், நாலாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. அவரைத் தன்னோடு கூட்டிவந்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் அன்றுதான் முடிவு செய்தாள். வெளியூரில் படிக்கும் மகளின் அறையும் அவர்கள் படுக்கையறையும் மாடியில். கீழே படியேறாமல் போகக்கூடியது ஒரே ஓர் அறைதான். ஜன்னல் வழியாகக் காலை வெயில் வரும். குளியலறை ஒட்டியே இருக்கிறது. வயதானவருக்கென்றே கட்டியது போன்ற அறை.

அந்த அறைக்குள்தான் அவள் கணவர், ஊரறிந்த பல் டாக்டர், பீரோ உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்களை நிறுத்தி வைத்திருந்தார். சுவரிலிருந்து இத்தனை அடி, ஒன்றுக்கொன்று இத்தனை அடி என்று அளந்து தரையில் டேப் ஒட்டியிருந்தார். கூட்டுகிற அம்மா டேப்பைத் தாண்டித் தாண்டித்தான் கூட்டுவார்.

"என்னங்க" என்று ஆரம்பித்தவளை, "நல்ல நேரத்துல வந்தே, உட்காரு" என்று அவர் நாற்காலியில் உட்கார்த்தினார். டிரம் கதை முடிந்ததும் எண்களின் கதை வந்தது.

"டிஜிட்டல்ல பாட்டுங்கிறது வெறும் எண்கள்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் முன்னாடி ஒரு கழித்தல் குறி போட்டா மொத்தப் பாட்டும் தலைகீழ். முன்னாடி வர்றது பின்னாடி போகும், பின்னாடி போறது முன்னாடி வரும். ஒரு சொட்டு சத்தம்கூடக் கெடாது."

"கெடாதுன்னா எதுக்குங்க மாத்தணும்?"

தினமும் பல் தேய்க்க வேண்டுமா என்று கேட்கும் நோயாளியைப் பார்ப்பது போல அவர் அவளைப் பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். ஒலிப்பதிவு செய்கிறவர்கள் இதையெல்லாம் கவனிப்பதில்லை. உலகத்தில் பாதிப் பாட்டுகள் தலைகீழாகத்தான் பதிவாகியிருக்கின்றன. எது நேர், எது தலைகீழ் என்று காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதற்குப் பெயர் ஃபேஸ். அதைப் புரட்டிப்போட ரிமோட்டில் ஒரு பொத்தானே இருக்கிறது. அதை அமுக்கினால், நாற்காலிக்குப் பின்னால் அலமாரியில் இருக்கும் பெட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் வரும்.

டக்.

"இதுவா?"

டக்.

"அதுவா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அன்று காலையிலிருந்து கடை மூடும்வரை அவள் கேட்டதும் இதே கேள்வியைத்தான். கண்ணாடிக் கடையின் உள்ளறையில் அவள்தான் கண் பரிசோதிப்பவள். இருட்டு அறை, உயர நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துகள். வந்தவர் கண் முன்னால் ஒரு வில்லையைப் புரட்டிப் புரட்டி, "இதுல தெளிவா இருக்கா, அதுல தெளிவா இருக்கா?" என்று கேட்பதுதான் அவள் பிழைப்பு. பரீட்சையில் தோற்றுவிடுவோமோ என்று பயந்து எழுத்துகளை மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்கள் உண்டு. "நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று கண்ணை அவளிடமே ஒப்படைக்கிறவர்கள் உண்டு. மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருக்க, திரைக்கு வெளியிலிருந்து "ரெண்டாவதுதான் தெளிவு" என்று குரல் கொடுத்த கணவனையும் அவள் பார்த்திருக்கிறாள். யார் உண்மை சொல்கிறார்கள், யார் நல்ல பெயர் வாங்கச் சொல்கிறார்கள் என்பது அவளுக்கு மூச்சு விடுவதிலேயே தெரிந்துவிடும்.

அப்படிப்பட்டவள், கணவர் முகத்திலிருந்த ஆசையைப் பார்த்துவிட்டு, கூசாமல் சொன்னாள்:

"ரெண்டாவது."

"அதானே! குரல் ஓரடி முன்னாடி வந்து நிக்குதுல்ல? அந்தப் பாடகிக்கு இப்பதான் உடம்பே வந்திருக்கு!"

பாடகிக்கு உடம்பு வந்த மகிழ்ச்சியில் அவர் இருக்கும்போது, அப்பா மாடிப்படியில் உட்கார்ந்த கதையைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்து போனாள்.

நாளைக்கும் 'ரெண்டாவது' என்றுதான் சொன்னாள். அதற்கு மறுநாளும். இப்படியே அவள் அந்த வீட்டின் தங்கக்காது ஆகிவிட்டாள். "எங்க வீட்டம்மாவுக்கு சங்கீதம் ஒண்ணும் தெரியாது, ஆனா ஃபேஸ் மாறினா டக்குன்னு பிடிச்சுருவா" என்று அவர் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கும் நோயாளிகளிடமெல்லாம் பெருமையடித்தார். அவர்களும் பதில் பேச முடியாத நிலையில் அதை ஒப்புக்கொண்டார்கள். பாட்டுப் பெட்டியில் இருந்த அத்தனை பாட்டுகளையும் அவர் 'நேர்' என்றும் 'தலைகீழ்' என்றும் இரண்டு சாதியாகப் பிரித்தார். சில பாட்டுகள் பள்ளிக்கூடம் மாறும் பிள்ளைகள் போல இங்கும் அங்குமாக அலைந்தன.

அந்த அறையைக் கேட்டிருந்தால் அவர் மாட்டேன் என்றா சொல்லியிருப்பார்? அதுதான் அவளுடைய கவலையே. அவர் உடனே சரி என்று சொல்லிவிடுவார். யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். அவருடைய அக்கா ஒரு முறை ஹாலில் இருந்த சோஃபாவைத் தடவிப் பார்த்து, "எங்க வீட்டுக்கு இப்படி ஒண்ணு அமையல" என்றார். அன்றைக்கே சோஃபாவின் ஒரு முனையைத் தூக்கி வண்டியில் ஏற்றியது இவர்தான். அதற்கப்புறம் மாதக்கணக்கில் தரையில் உட்கார்ந்து, "தரையில உட்கார்றது முதுகுக்கு ரொம்ப நல்லதாம்" என்று பெருமூச்சு விட்டார். அப்படி ஒரு 'சரி'யை அப்பா இரண்டே நாளில் மோப்பம் பிடித்துவிடுவார். பையைத் தூக்கிக்கொண்டு நாலாவது மாடிக்கே திரும்பிவிடுவார். பிறகு சங்கிலி போட்டு இழுத்தாலும் வரமாட்டார். அவளுக்கு வேண்டியது உண்மையான சரி. அதற்கு அவருக்கே அந்த அறை அலுத்துப்போகிற நாள் ஒன்று வரும் என்று அவள் காத்திருந்தாள். அலுக்கிற வழியாகத் தெரியவில்லை.

இப்படியே ஒரு வருடம் ஓடிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வக்கீல் வந்தார்.

வக்கீல், பல் டாக்டரின் கல்லூரி நண்பர். அவர் குரல் அடிவயிற்றிலிருந்து வரும். 'ஆட்சேபிக்கிறேன்' என்று அவர் சொன்னால் நீதிபதி மேஜையில் தண்ணீர் டம்ளர் அதிருமாம். அதனால் நண்பர்கள் வட்டத்தில் அவருக்கு வூஃபர், அதாவது அடித்தொனி ஸ்பீக்கர், என்று பெயர். அவருக்கும் இதே பைத்தியம். ஒரே ஒரு பாட்டில்தான் சண்டை. பல் டாக்டர் 'நேர்' என்று முத்திரை குத்தியிருந்த பாட்டை வக்கீல் தன் வீட்டில் 'தலைகீழ்' என்று குத்தியிருந்தார்.

"டேய், செருப்பைத் தலையில மாட்டிக்கிட்டு நடக்கிறவன்கூட அந்தப் பாட்டை நேர்னு சொல்ல மாட்டான்டா" என்றார் வக்கீல், வாசலிலேயே.

"நீ கேக்கிறது காது வழியாவா, வேற எது வழியாவாவதாடா?"

"கண்ணைக் கட்டு. ரெண்டு பேருக்கும் கட்டு. உன் வீட்டம்மா ரிமோட்டை அமுக்கட்டும். யாருக்குக் காது இருக்குன்னு இன்னிக்குத் தெரிஞ்சுரும்."

ஞாயிறுதோறும் மகள் வீட்டுக்குச் சாப்பிட வரும் அப்பா, சாப்பாடு முடிந்து ஹாலில் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"இறங்கி வர்றதுக்குக் கஷ்டமா இல்லையாப்பா?" என்று காலையில் அவள் கேட்டிருந்தாள்.

"இறங்கறதுல என்ன கஷ்டம்? ஏறும்போதும் ஒண்ணும் இல்ல. ஒவ்வொரு மாடியிலயும் நின்னு எல்லாரையும் சௌக்கியம் விசாரிச்சுட்டுப் போவேன். இப்பல்லாம் எனக்கு ரொம்ப சிநேகிதம் சேர்ந்துருச்சு."

மூச்சு வாங்குவதற்கு இப்படியும் ஒரு பெயர் வைக்கலாம் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

சோதனைக்கு ஏற்பாடு தொடங்கியது. நாற்காலிகள் இரண்டு, ஸ்பீக்கர்களைப் பார்த்து. சமையலறைத் துண்டுகள் இரண்டு, கண்களைக் கட்ட. ஒன்றில் ஈர வாடை அடிக்கிறது என்று வக்கீல் ஆட்சேபித்தார், மாற்றித் தரப்பட்டது. அவள் தன் தொழில் புத்தியோடு ஒரு கேள்வி கேட்டாள்.

"பொத்தானை அமுக்கினா பெட்டி 'டக்'குங்குதே. அந்தச் சத்தத்தை வச்சே ரெண்டு பேரும் சொல்லிட்டா?"

நண்பர்கள் இருவரும் கட்டிய கண்களோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாமாவைக் கூப்பிடு" என்றார் பல் டாக்டர். "மாமா, இப்படி வாங்க. நாங்க சொல்லும்போது நீங்க சத்தமா இருமணும்."

"எனக்கு இருமல் இல்லையே மாப்ளே."

"சும்மா இருமுங்க மாமா. ஒரு உதவிதான்."

அப்பா பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தொண்டையைச் சரிசெய்தார். ஒத்திகைக்கு ஒன்று இருமிக் காட்டினார். ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது.

"அடேயப்பா, என்ன சார் இது, எனக்கே போட்டியா இருக்கீங்க!" என்றார் வக்கீல்.

"எல்லாம் பழக்கம்தான். வீட்ல தினமும் இருமறேன். பாராட்டத்தான் அங்க ஆள் இல்ல" என்று அப்பா சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அவள் நாணயத்தைச் சுண்டினாள். பூ விழுந்தால் அமுக்குவது, தலை விழுந்தால் சும்மா இருப்பது. இரண்டுக்கும் அப்பா இருமுவார். பூ விழுந்தது. அப்பா இருமினார். அவள் அமுக்கினாள்.

"நேர்!" என்றார் பல் டாக்டர்.

"தலைகீழ்!" என்றார் வக்கீல்.

அவள் இத்தனை நாளும் ஸ்பீக்கர்களைப் பார்த்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இன்றுதான் முதன்முறையாக அலமாரிக்கு முன்னால் நிற்கிறாள். பெட்டியின் சிறிய திரையில் பொடி எழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. மேல் வரி ஸ்பீக்கர். கீழ் வரி ஹெட்போன். அவள் அமுக்கியதும் கீழ் வரியின் ஓரத்தில் ஒரு கழித்தல் குறி வந்து உட்கார்ந்தது. மேல் வரி அசையவே இல்லை.

மறுபடி அமுக்கினாள். கீழே இருந்த குறி மறைந்தது. மேல் வரி பிள்ளையைப் பெற்ற தாய் போல நிம்மதியாக இருந்தது.

"என்னம்மா, நாங்க சொல்றதுக்கு முன்னாடியே அமுக்கிட்டியா?"

"இல்லங்க, கை பட்டுருச்சு."

அவளுக்குப் புரிந்துவிட்டது. பெட்டி வந்த அன்று அமைப்புகளையெல்லாம் செய்தவர் அவர்தான். குறிப்புத்தாளைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, உத்தேசமாகப் படித்துச் செய்திருக்கிறார். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவளின் புருஷன், படிக்கும் கண்ணாடி போடமாட்டார். கிளினிக்கில் பல்லைப் பார்க்கப் பூதக்கண்ணாடி மாட்டிக்கொள்வார், அது கருவியாம். வீட்டில் கண்ணாடி மாட்டினால் அது வயசாம். அவள் அளவெடுத்துச் செய்துகொடுத்த கண்ணாடி மேஜை இழுப்பறையில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில், பிரிக்காத அட்டைப்பெட்டிக்குள், ஹெட்போன். இத்தனை காலமும் தலைகீழாகப் புரட்டப்பட்ட பாட்டெல்லாம், யார் தலையிலும் ஏறாத அந்த ஹெட்போனுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஸ்பீக்கரில் ஒரு மண்ணும் மாறவில்லை. ஓரடி முன்னால் வந்து நின்ற பாடகி நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறாள்.

"இப்ப தலைகீழ். நல்லாத் தெரியுது. டிரம்மே சுவத்துக்குள்ள போயிருச்சு" என்றார் பல் டாக்டர்.

"உனக்குத்தான்டா சுவரு. எனக்கு மடியில வந்து உட்கார்ந்திருக்கு" என்றார் வக்கீல்.

"அடுத்ததுக்கு இருமட்டுமா?" என்றார் அப்பா.

ஒரே ஒரு வார்த்தை. அதை இப்போது சொன்னால் போதும். வக்கீலின் சிரிப்பில் வீடு அதிரும். கணவர் அவமானத்தில் அந்தப் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். வாரக் கடைசிக்குள் அறை காலியாகிவிடும். அவளுக்கு அதைச் சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் கண்ணில் துண்டோடு, முகத்தை நிமிர்த்தி, ஒரு பரிசை எதிர்பார்க்கும் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனியவைத்து வாங்கும் அறையில் அப்பாவுக்கு எப்படிப் படுக்கை விரிப்பது? அக்காவுக்குப் போன சோஃபாவாவது ஆசையில் போனது.

"இருமுங்கப்பா" என்றாள்.

சோதனை முடிந்தது. துண்டுகள் அவிழ்ந்தன. இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் சமம்" என்றாள் அவள். அதில் ஒரு பொய்யும் இல்லை.

"சமம்னா எனக்குத்தான் ஜெயிப்பு. அவன் வீட்டுல, அவன் பெட்டியில, அவன் பொண்டாட்டி கையில ரிமோட். இத்தனைக்கும் நடுவுல சமம்!" என்று வக்கீல் வழக்கை முடித்துக்கொண்டு, அப்பாவின் கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

அப்பா ஹாலுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இருமிய களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். தலை ஒரு பக்கம் சரிய, திடுக்கென்று நிமிர்த்துவார், மறுபடி சரியும். அவள் ஒரு தலையணையைக் கொண்டுவந்து கழுத்துக்குக் கொடுத்துவிட்டு அறைக்குத் திரும்பினாள். கதவைச் சாத்தினாள். இழுப்பறையைத் திறந்து கண்ணாடியை எடுத்தாள்.

"இதைப் போடுங்க."

"இப்ப எதுக்கு இது? நான் என்ன கிழவனா?"

"உங்க காதுல ஒரு குறையும் இல்ல. போடுங்க."

தானே மாட்டிவிட்டாள். தோளைப் பிடித்து அலமாரிப் பக்கம் திருப்பி, ரிமோட்டைக் கையில் கொடுத்தாள். அவர் அமுக்கினார். டக். படித்தார். மறுபடி அமுக்கினார். டக். மறுபடி படித்தார். உதடுகள் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவதை அவள் பார்த்தாள்.

"ஹெட்போனா?"

"ம்."

"ஆரம்பத்துல இருந்தா?"

"ஆரம்பத்துல இருந்து."

அவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் சடாரென்று எழுந்தார். "வக்கீலுக்குத் தெரியுமா?"

"எனக்கு மட்டும்தான் தெரியும்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடி வழியாக அவர் கண்கள் கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் ஈரமாகத் தெரிந்தன. "நான் இருந்த இடத்துல நீ இருந்திருந்தா, நான் சொல்லியிருப்பேன்" என்றார். "சிரிச்சிருப்பேன்."

"தெரியும். இப்ப மாத்திப் போடுங்க. நிஜமாவே ஸ்பீக்கர்ல புரட்டினா எப்படி இருக்குன்னு ஒரு தடவையாவது பார்த்துருவோம்."

கண்ணாடி இருந்ததால் அந்த வேலை உடனே முடிந்துவிட்டது. வக்கீல் விட்டுப்போன நாற்காலியையும் இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பாட்டு ஓடியது. அவர் அமுக்கினார். இந்த முறை 'டக்' வரவில்லை. ஸ்பீக்கருக்கு அந்தச் சத்தமே கிடையாது போலிருக்கிறது. டிரம் விழுந்தது. மறுபடி அமுக்கினார். டிரம் விழுந்தது. அவர் தலையைச் சாய்த்தார், கண்ணை மூடினார், காதின் பின்னால் உள்ளங்கையைக் குவித்தார். ஒரு கட்டத்தில் ஏதோ பிடிபட்டது போல விரலைத் தூக்கினார்; பிறகு விரலை மடக்கிக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லுங்க" என்றாள்.

அவர் இன்னும் ஒரு முறை அமுக்கிக் கேட்டார். பிறகு, "தெரியல" என்றார். "இருக்கிற மாதிரியும் இருக்கு. ரெண்டும் ஒண்ணு மாதிரியும் இருக்கு. எனக்கு நிஜமாவே தெரியலம்மா."

கண்ணாடிக் கடையில் அவள் மிகவும் விரும்பும் பதில் அது. வில்லையைப் புரட்டும்போது 'இது தெளிவு, அது தெளிவு' என்று சொல்கிற வரைக்கும் அளவு இன்னும் சரியாகவில்லை என்று அர்த்தம். 'ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு' என்று எப்போது சொல்கிறார்களோ, அதுதான் சரியான அளவு. அங்கே அவள் கையை நிறுத்திவிடுவாள். ஆனால் அந்தப் பதிலைச் சொல்லத்தான் எல்லாருக்கும் கூச்சம். எதையாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் தப்பித்தோம் என்று இருப்பார்கள். இந்த மனிதர் இப்போது தப்பிக்கப் பார்க்கவில்லை.

"அப்ப நீ?" என்றார் அவர். "தினமும் 'ரெண்டாவது, ரெண்டாவது'ன்னியே. உனக்கு என்னதான் தெரிஞ்சுது?"

"ஒண்ணும் தெரியலங்க. ஒரு நாளும் தெரியல."

"அடிப்பாவி. அப்புறம் எதுக்கு தினமும் வந்து உட்கார்ந்தே?"

"நான் பாட்டுக்கு வரல. உங்ககிட்ட ஒரு விஷயம் பேச வந்தேன். வந்த அன்னிக்கே நீங்க டிரம்மை உதைக்க ஆரம்பிச்சுட்டீங்க."

அவர் ரிமோட்டை எடுத்துப் பாட்டை நிறுத்தினார். ஹாலில் அப்பாவின் மெல்லிய குறட்டை கதவைத் தாண்டிக் கேட்டது. அவர் நாற்காலியை அவள் பக்கம் முழுதாகத் திருப்பிப் போட்டார். தரையில் ஒட்டியிருந்த டேப் ஒன்று நாற்காலிக் காலில் சிக்கிக் கிழிந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"சொல்லு."

"உடனே சரின்னு சொல்லிடக் கூடாது. நல்லா யோசிச்சு, பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லணும். சோஃபாவுக்குச் சொன்ன மாதிரி சொல்லக் கூடாது."

"சொல்லுன்னா."

அவள் மடியில் இரு கைகளையும் கோத்துக்கொண்டாள்.

"அப்பா இனிமே நம்மகூடவே இருக்கணுங்க. அவருக்கு இந்த ரூம் வேணும்."